மஜ்லிஸ் அமலாக்கப் பிரிவு: குப்பைக்கு மூன்று நட்சத்திரம், நாய்க்கு ஒன்று

குப்பை கொட்டிய லோரியின் பிளேட் நம்பரோடு புகார் போனால் மஜ்லிஸ், அதாவது ஊராட்சி மன்றத்தின் அமலாக்கப் பிரிவு ஆள் அனுப்பும். "பக்கத்து வீட்டு நாய் எங்கள் கேட் முன்னால் அசிங்கம் பண்ணுகிறது" என்று எழுதிப் போட்டால் புகார் எண் ஒன்று வரும், அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த டவுனில் நிலவரம் இதுதான். இரண்டு புகாருக்கும் வர வேண்டியது அதே வேன், அதே சீருடை. லோரிக்கு முகவரி இருக்கிறது, கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது. தெருவில் திரியும் நாய்க்கு இரண்டும் இல்லை. முகவரி இல்லாத எதையும் மஜ்லிஸால் பிடித்து நிறுத்த முடிவதில்லை. அது தெரிந்து புகார் எழுதுகிறவருக்கு இந்தச் சேவை ஓரளவு உதவும்.

யாரிடம் போவது என்பதில்தான் பாதிப் புகார்கள் வழி தவறுகின்றன. கெடா, பெர்லிஸ், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், அத்துடன் கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் 2011 செப்டம்பர் 1 முதல் சட்டம் 672 நடப்பில் இருக்கிறது. திடக்கழிவு, பொதுத் தூய்மைக்கான சட்டம் அது. அதனால் இங்கே வீட்டுக் குப்பை எடுப்பதும் சாலை கூட்டுவதும் மஜ்லிஸின் நேரடி வேலை அல்ல. கெடாவிலும் பெர்லிஸிலும் அது இ-இடாமான் நிறுவனத்தின் குத்தகை, மேற்பார்வை எஸ்டபிள்யூகோர்ப் எனும் திடக்கழிவு, பொதுத் தூய்மைக் கழகத்திடம். மஜ்லிஸின் கையில் மிஞ்சியிருப்பது கண்ட இடத்தில் கொட்டுகிறவர் மீதான அமலாக்கம், அத்துடன் கடை லைசென்ஸ், அங்காடி, சந்தை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), நாய், இவற்றுக்கான துணைச் சட்டங்கள். எல்லை தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சொந்தக்காரர் "எல்லாத்துக்கும் மஜ்லிஸ்லயே சொல்லுங்க" என்றால், அது பினாங்கு வழக்கம். பினாங்கும் பேராவும் சிலாங்கூரும் சட்டம் 672-க்குள் வராதவை.

வாசலில் வைத்த 120 லிட்டர் தொட்டியை எடுக்கவில்லை என்றால் மஜ்லிஸ் கவுண்டரில் நிற்பதில் பயனில்லை. அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், உரிய இடத்துக்கு அனுப்பியும் வைப்பார்கள், ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வண்டியே வந்துவிடும். நேராக எஸ்டபிள்யூகோர்ப்புக்குச் சொல்லுங்கள். பழைய மெத்தை, உடைந்த அலமாரி, வெட்டிய மாமரக் கிளை எல்லாம் வாரத்தில் மூன்றாவது நாள் எடுப்புக்கு உரியவை. சட்டம் 672 உள்ள ஊர்களில் இரண்டு நாள் சமையலறைக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் கழிவும் பெரிய சாமான்களும் என்ற ஒழுங்கு. அந்த நாளைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் மெத்தையைப் பின் சந்தில் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு அமலாக்கத்தைத் திட்டுகிறார்கள்.

தோட்டத்து எல்லைக்குள் போய்விட்டால் கதை வேறு. எஸ்டேட் ரோடு தனியார் நிலம். அங்கே செம்பனை ஓரத்தில் யாரோ கட்டடக் கழிவைக் கொட்டினால் முதலில் தோட்ட நிர்வாகம் போலீசில் புகார் செய்ய வேண்டும். நிலத்துக்காரர் சொல்லாமல் மஜ்லிஸ் வண்டி உள்ளே போகாது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் குப்பை எடுக்காமல் நாறினால் அது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்தின் கீழ் வரும், அதாவது சட்டம் 446. முதலாளியின் பொறுப்பு, கேட்க வேண்டிய இடம் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா எனும் தொழிலாளர் இலாகா. ஆற்றோரம் வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜேபிஎஸ், ரயில் பாதை ஓரம் கேடிஎம் ரயில் நிறுவனம். வொர்க்‌ஷாப் கறுப்பு எண்ணெய், ரசாயன டிரம் என்றால் சுற்றுச்சூழல் இலாகாவான ஜேஏஎஸ். குப்பையை எரித்தால் அதுவும் ஜேஏஎஸ்தான்.

எல்லாவற்றையும்விடத் தலைவலி, தோட்டத்தை வெட்டிக் கட்டிய புதுத் தாமான் (வீடமைப்புப் பகுதி). வீட்டு வரி பில் வந்துவிடும், ஆனால் சாலையும் லோங்காங்கும் (சாக்கடை) மேம்பாட்டாளரிடமிருந்து மஜ்லிஸுக்கு இன்னும் ஒப்படைக்கப்பட்டிருக்காது. அதுவரை ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்கள். புகாருக்கு முன்னால் பொறியியல் பிரிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இந்த லோரோங் (சந்து) ஒப்படைக்கப்பட்டதா? இல்லை என்றால் புகாரை மேம்பாட்டாளர் பெயருக்கு எழுதி, நகலை மஜ்லிஸுக்கு அனுப்புவதுதான் வழி.

இனிப் புகார் எழுதும் விதம். அமலாக்க அதிகாரிக்கு வேண்டியது உங்கள் கோபம் இல்லை. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய விவரம். இடத்துக்கு "சுராவ் (சிறு தொழுகைக்கூடம்) பக்கம்" என்று எழுதாதீர்கள். பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை எழுதுங்கள், கைப்பேசி வரைபடத்தின் புள்ளியையும் இணையுங்கள். தேதி, மணி, வண்டியின் பிளேட், வண்டி வகை (ஒரு டன் லோரியா, பிக்அப்பா, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்ட பையா), கொட்டிய பொருள், ஏறத்தாழ எவ்வளவு. படம் மூன்று போதும்: தூரத்திலிருந்து இடம் தெரிய ஒன்று, குவியல் ஒன்று, பிளேட் ஒன்று. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை அனுப்பாதீர்கள். நேரமும் இடமும் பதிந்த மூலப் படத்தையே வைத்திருங்கள், அதிகாரி கேட்பார்.

குவியலை நீங்களே கிளறவும் வேண்டாம், அள்ளிச் சுத்தம் பண்ணவும் வேண்டாம். தண்ணீர் பில், கூரியர் ஸ்டிக்கர், பள்ளி நோட்டு, கிளினிக் மருந்துப் பை என்று கொட்டியவரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அந்தப் பைகளுக்குள்ளேயே கிடக்கும். அதிகாரிகள் கையுறை போட்டுக்கொண்டு அதைத்தான் தேடுவார்கள். நல்ல மனசோடு கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவு வைத்து மறுநாள் காலையிலேயே வாரிவிட்டால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். படம் எடுத்து, புகார் எண் வாங்கி, அதிகாரி வந்து பார்த்த பிறகு கூட்டுங்கள்.

குப்பை விஷயத்தில் அமலாக்கத்தின் வேலை மோசமில்லை, ஐந்துக்கு மூன்று. பிளேட் தெரிந்த புகாருக்கு ஆள் வருகிறது, நோட்டிஸ் போகிறது. கட்டுப்படுத்தப்பட்ட கழிவை அனுமதியில்லாத இடத்தில் கொட்டினால் சட்டம் 672 விதிக்கும் அபராதம் 10,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. வீடு புதுப்பிக்கும் காண்டிராக்டருக்கு இந்தத் தொகையைச் சொன்னாலே போதும், லோரியில் ஏற்றிப் போகும் பெரிய ரோரோ தொட்டிக்கான வாடகை சட்டென்று மலிவாகத் தெரியும். குறை எங்கே என்றால், எல்லாம் அலுவலக நேரத்தில் நடக்கிறது. கொட்டுகிறவன் அலுவலக நேரத்தில் வருவதில்லை. இருட்டான முனையில் கேமரா வைத்தால் இரண்டு வாரம் சுத்தமாக இருக்கும். குவியல் அடுத்த முனைக்கு நகரும். கேமராவோடு விளக்கையும் போட்டு, வண்டி நுழையும் இடத்தில் கல் தடுப்பையும் வைத்த இடங்களில்தான் நிரந்தரமாக நிற்கிறது. அதைச் செய்ய வேண்டியது பொறியியல் பிரிவு, அமலாக்கம் அல்ல. இரண்டு பிரிவும் ஒரே மாடியில் இருந்தாலும் ஒன்றின் கோப்பு மற்றதன் மேசைக்குப் போவது அரிது. ஆகவே புகாரிலேயே "விளக்கும் தடுப்பும் வேண்டும்" என்று தனி வரி எழுதி, இரு பிரிவுக்கும் நகல் கேளுங்கள்.

கொட்டிய குவியலில் பழைய டயர், பெயிண்ட் டின், தேங்காய்ச் சிரட்டை என்று தண்ணீர் தேங்கும் எதுவும் இருந்தால், அதே படத்தை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஏடிஸ் கொசுப் புழு கண்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின் கீழ் 500 வெள்ளி கொம்பாவுன் (அபராதச் சீட்டு) எழுதும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. டிங்கிக் கணக்கு மேலிடம் வரை போகும் என்பதால் அந்த அலுவலகம் அசைகிற வேகம் வேறு.

கடைகளும் பாசார் மாலாமும்தான் மஜ்லிஸ் கடுமை காட்டும் இடம். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, பிரிவு 107-இன்படி, கொடுத்த லைசென்ஸை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே மன்றம் ரத்து செய்யலாம். இதைவிடப் பெரிய ஆயுதம் அவர்களிடம் கிடையாது. உணவுக் கடை பின் சந்தில் எண்ணெய்த் தண்ணீரை லோங்காங்கில் ஊற்றுவது, கோழிக் கடைக் கழிவு, பாசார் மாலாம் முடிந்த பின் கிடக்கும் போலிஸ்டிரின் பெட்டிகள், கரும்புச் சக்கை: இவற்றுக்குப் புகாரில் கடையின் பெயர்ப்பலகையும் அங்காடி வரிசை எண்ணும் இருந்தால் அடுத்த வாரமே மாற்றம் தெரிகிறது. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலும் கோயில் அன்னதானமும் இதே கணக்கில்தான் வரும். அனுமதிக் கடிதம் எழுதும்போதே தொட்டி எத்தனை, மறுநாள் யார் அள்ளுவது என்று குறிப்பிட்டுவிட்டால் பின்னால் பேச்சு வராது.

நடந்துகொண்டே போடும் சிகரெட் துண்டு, டிஷ்யூ, தண்ணீர்ப் போத்தல் விஷயத்தில் 2026 ஜனவரி 1 முதல் சட்டம் கூர்மையாகிவிட்டது. குற்றவாளி என்று தீர்ப்பானால் 2,000 வெள்ளி வரை அபராதம். கூடவே 12 மணி நேரம் வரை சமூகச் சேவை, அதை ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். ஆணையை மீறினால் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை. சாலை கூட்டுவது, லோங்காங் அள்ளுவது போன்ற வேலை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். ஆணையிடுவது நீதிமன்றம், அதிகாரி இல்லை. ஆகவே "இப்பவே கட்டிட்டா விட்டுடறேன்" என்று யாராவது ரோட்டில் வைத்துக் காசு கேட்டால், அவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். சின்ன டவுனுக்கு இது எவ்வளவு பொருந்தும்? பஸ் நிலையத்தில் பொருந்தும், சந்தையில் பொருந்தும். அங்கே அதிகாரி நிற்பார், கண்ணால் காண்பார். தாமானுக்குள் பொருந்தாது. அறிவிப்புப் பலகை வைத்த இடத்தில் தொட்டி வைக்காத பழைய நோயும் இன்னும் தீரவில்லை.

இப்போது நாய். ஒற்றை நட்சத்திரத்துக்கான காரணம் இங்கே இருக்கிறது.

நாய் மலத்துக்கென்று நடவடிக்கை எடுக்க மூன்று நிரூபணம் வேண்டும்: இந்த நாய்தான் போனது, இது இன்னாருடைய நாய், அவர் அள்ளாமல் விட்டார். காலை ஆறரைக்கு கேட்டைத் திறந்துவிட்டு ஏழு மணிக்கு உள்ளே கூப்பிடும் வீட்டில் இந்த மூன்றையும் பார்க்க அதிகாரி யாரும் அந்த நேரம் வரமாட்டார். பாதி நாய்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் எல்லாரும் சோறு வைப்பார்கள். "உங்க நாயா?" என்று கேட்டால் "சாப்பாடு போடுறேன், என் நாய் இல்ல" என்பதுதான் பதில். அதற்கு மேல் அதிகாரியால் ஒன்றும் எழுத முடியாது.

ஆகவே மலத்தைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள். லைசென்ஸ் இல்லாத நாய், கட்டாமல் வெளியே விடப்பட்ட நாய் என்று எழுதுங்கள். நாய் லைசென்ஸ் துணைச் சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நேரடி விதி இருக்கிறது, நிரூபிப்பதும் எளிது. வீட்டு எண், நாயின் நிறம், கழுத்துப்பட்டை உண்டா இல்லையா, வெளியே விடும் நேரம், கேட்டிலிருந்து நாய் வெளியே வருவது தெரியும்படி வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு மூன்று சிறு காணொளிகள். அதிகாரி அந்த வீட்டுக்குப் போய் லைசென்ஸைக் கேட்பார், நோட்டிஸ் கொடுப்பார். துணைச் சட்டத்தை மீறினால் சட்டம் 171, பிரிவு 119 அனுமதிக்கும் உச்ச அபராதம் 2,000 வெள்ளி. பெரும்பாலும் அதுவரை போகாது. நோட்டிஸ் வந்த மறுவாரமே சங்கிலி வாங்கிவிடுவார்கள்.

"அன்ஜிங் லியார்" (தெருநாய்) என்று புகாரில் எழுதுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அந்தச் சொல் போனால் வருவது நாய் பிடிக்கும் வண்டி. கடிக்கிற நாய் ஓடிவிடும். வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வரும் வீட்டு நாய்தான் சுருக்கில் மாட்டும். பிடித்த நாயைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள். கட்டணம் கட்டி மீட்க வேண்டும், லைசென்ஸ் இல்லையென்றால் அதுவும் சிக்கல். பிடிபட்டது யாருடைய நாய் என்று தாமான் முழுக்கத் தெரிந்த பிறகு அந்தத் தெருவில் நிம்மதி இருக்காது. சோற்றில் விஷம் வைப்பது பற்றிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015-இன்படி மிருகவதைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

கலப்புத் தாமானில் இது வெறும் நாற்றப் பிரச்சினையும் அல்ல. மலாய்க்கார அண்டை வீட்டு வாசலில் நாய் அசுத்தம் பட்டுவிட்டால் அவர்கள் சமாக் எனும் இஸ்லாமியத் தூய்மை முறையில் ஏழு தடவை கழுவ வேண்டியிருக்கிறது, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். சுராவுக்குப் போகும் வழியென்றால் சொல்லவே வேண்டாம். நம் வீட்டு நாய் செய்ததென்றால் முதலில் நாம் போய் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் எப்படிக் கழுவச் சொல்கிறார்களோ அப்படிக் கழுவிக் கொடுப்பதுதான் முறை. மஜ்லிஸ் வரை போக விட்டால் அது மதப் பேச்சாகிவிடும்.

அள்ளுவதிலும் தப்பு நடக்கிறது. பைப்பைத் திறந்து லோங்காங்கில் அடித்துவிடுவதுதான் ஊர் வழக்கம். அது கரையாமல் தேங்கி, வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகிறது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி அள்ளி, அப்படியே திருப்பி முடிச்சுப் போட்டு, வீட்டுத் தொட்டியில் போடுங்கள். நிழலான ஈர மண்ணில் கிடந்தால் கொக்கிப் புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் வெறுங்காலில் துளைத்து ஏறும் நிலைக்கு வந்துவிடும். பிள்ளைகள் விளையாடும் திடலில் அன்றன்றைக்கே அள்ள வேண்டும் என்பது இதற்காகத்தான். சிமெண்ட் தரையில் குளோரோக்ஸ் பிளீச் ஊற்றினால் வாடை போகும். உருண்டைப் புழு முட்டை அதற்குச் சாகாது. தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். வளர்ப்பு நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து.

மஜ்லிஸ் நாய் விஷயத்தில் செய்யக்கூடிய காரியங்களைச் செய்யவில்லை என்பதும் உண்மை. திடலில் நாய் மலத்துக்கான தொட்டி கிடையாது. லைசென்ஸ் முகாமை தாமானுக்கே கொண்டுவந்தால் பாதி நாய்க்கு ஒரே வார இறுதியில் முகவரி கிடைத்துவிடும், அதுவும் நடப்பதில்லை. கால்நடை இலாகாவின் தடுப்பூசி முகாமோடு சேர்த்து நடத்தினால் செலவும் கூடாது. 2015-இல் பெர்லிஸ், பினாங்கோடு சேர்த்து ரேபிஸ் பரவிய கெடாவில் இதை ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதே வேடிக்கை.

உங்கள் கையிலேயே நோட்டிஸ் வந்தால்: சம்மன் என்று நாம் சொல்லும் அந்தத் தாள் பெரும்பாலும் கொம்பாவுன். கட்டினால் விஷயம் நீதிமன்றம் போகாமல் அங்கேயே முடிகிறது. கட்டாமல் வைத்திருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட் அழைப்பு வரும். முதலில் சட்டப் பிரிவு, இடம், மணி, அதிகாரி எண், கடைசித் தேதி ஐந்தையும் சரிபாருங்கள். ஒன்று தவறாக இருந்தாலும் கடைசித் தேதிக்கு முன்பே அமலாக்கப் பிரிவுக்கு எழுத்தில் முறையீடு கொடுங்கள், ரசீதில் முத்திரை வாங்குங்கள். முதல் தடவை, உண்மையான காரணம் என்றால் தொகையைக் குறைக்கிறார்கள். குறைக்க அதிகாரமுள்ளவர் மேலே இருப்பதால் கவுண்டரில் வாய்வார்த்தையாகக் கெஞ்சுவதில் பலனில்லை.

புகார் "செலெசாய்" (முடிந்தது) என்று மூடப்பட்டும் குவியல் அப்படியே கிடந்தால், புதுப் புகார் போடாதீர்கள். பழைய எண்ணையே காட்டி, இன்றைய படத்தை இணைத்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். புது எண் வாங்கினால் அவர்களின் கணக்கில் பழையது தீர்ந்ததாகவே இருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்ட மன்ற உறுப்பினர், அடுத்தது பொதுப் புகார் பிரிவு.

நாய் வளர்க்கிறவர்கள் லைசென்ஸுக்குப் போகும்போது அடையாள அட்டை நகல், வீட்டு வரி பில், தடுப்பூசி அட்டை, நாயின் முழு உருவப் படம் எடுத்துப் போங்கள். பல மன்றங்களில் கட்டணம் ஆண்டுக்கு 10 வெள்ளிதான். டிசம்பர் 31-உடன் காலாவதியாகும். வீட்டு வகைக்கு ஏற்ப எத்தனை நாய் என்ற வரம்பும் உண்டு, தெரஸ் (வரிசை) வீட்டுக்கு அது குறைவு. பிட்புல், அக்கித்தா, தோசா போன்ற தடைசெய்யப்பட்ட இனங்களுக்கு அனுமதி கிடைக்காது. ரோட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் கால்நடை இலாகாவின் தனி நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் வில்லையைச் சுவரில் மாட்டி வைக்காமல் நாயின் கழுத்துப்பட்டையில் கோத்துவிடுங்கள். நாய் இறந்துவிட்டாலோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாலோ கவுண்டரில் சொல்லிப் பெயரை நீக்குங்கள், இல்லையென்றால் அந்த நாய் எங்கே எதைச் செய்தாலும் நோட்டிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.